ப்ராக்ஸி மாமா

சென்னையில் எந்தச் சபா நாடகக் குழுவை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு ப்ராக்ஸி மாமா இருப்பார். கதாநாயகனுக்கு பாங்க்கில் கணக்கு இடிக்கிறது. வில்லன் தாம்பரத்தில் ரயிலைக் கோட்டைவிட்டார். கதாநாயகிக்கு இன்னொரு குழுவில் ரிகர்சல். ஆறரை மணி ஒத்திகைக்கு மொட்டை மாடியில் நிற்பவர்கள் டைரக்டரும் மாமாவும் மட்டுமே. "அவா வர்ற வரைக்கும் நீங்களே படிச்சிடுங்கோ மாமா" என்பார் டைரக்டர். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாமா ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

அப்புறம் பார்க்க வேண்டும்! கதாநாயகியாக வெட்கப்படுவார்; அதே மூச்சில் அப்பாவாக மாறித் தன்னையே வீட்டைவிட்டுத் துரத்துவார். கோர்ட் சீனில் கைதி, வக்கீல், நீதிபதி மூவரும் அவரே. காயப்போட்ட வற்றலை எடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள், தீர்ப்பு வரும்வரை நகரமாட்டார்.

அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடகங்களில், ஒத்திகைக்கு ஆள் வராத இந்தத் தொல்லை இல்லை. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கி, வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் ஏற்றினார்கள். மட்டம் போட்டுவிட்டு எங்கே போவது? பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபாவில்தான் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூச ஆரம்பித்தார்கள். ப்ராக்ஸி மாமாவின் பூர்வீகமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒத்திகையின் பலன் முழுவதும் போய்ச் சேருவது மாமாவுக்குத்தான். எந்த வசனத்தில் சோபாவைவிட்டு எழுந்திருப்பது, எங்கே நிறுத்தினால் சிரிப்பு விழும், அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கையை எங்கே வைத்துக்கொள்வது எல்லாம் அத்துப்படி. கிராண்ட் ரிகர்சலுக்கு மட்டும் எழுந்தருளும் கதாநாயகனிடம், "தம்பி, அந்த இடத்துல கொஞ்சம் கேப் விட்டுப் பேசேன்" என்பார். தம்பி செல்போனிலிருந்து நிமிராமலே தலையாட்டுவான்.

நாடகத்தன்று மாமாவுக்குத் தபால்காரர் வேஷம். ஒரே வசனம்: "சார், போஸ்ட்!" அவர் ஒருநாளும் ஒத்திகை பார்க்காத வசனம் அது ஒன்றுதான்; அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் வேறு யாருக்காவது ப்ராக்ஸியாக நின்றிருப்பார். போன நாடகத்தில் கடிதத்தோடு உள்ளே போனார். கதாநாயகன் வசனம் மறந்து விழித்தான். மாமா அவன் வசனத்தைப் பேசி, கதாநாயகியின் பதிலையும் தாமே சொல்லி, அவள் சார்பில் இரண்டு விசும்பலும் விசும்பிவிட்டு, கடிதத்தைக் கொடுக்காமலே வெளியேறினார். அரங்கம் அதிரக் கைத்தட்டல்.

அடுத்த நாடகத்தில் அவருக்கு வேஷமே கிடையாது. ரிகர்சலுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.