கடைத் தேங்காயும் தண்டவாளமும்

1861-ல் அமெரிக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி நாடு கண்டபோது அவர்களிடம் வீராப்பு இருந்தது, பருத்தி இருந்தது, சுமார் 9,000 மைல் ரயில்பாதையும் இருந்தது. ரயில் ஓட்டத் தேவையான மற்றதெல்லாம்தான் இல்லை.

தலைநகர் ரிச்மண்டுக்கு ஐந்து கம்பெனிகளின் ரயில்கள் வந்து நின்றன. வட மாநிலங்களோடு போர் தொடங்கும்வரை ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து ஊரான பீட்டர்ஸ்பர்க்கிலும் இதே கதை. பாதைகளை இணைத்துவிட்டால் பார வண்டிக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் யார் சோறு போடுவது? போதாக்குறைக்குச் சில பாதைகள் 5 அடி அகலம், சில 4 அடி எட்டரை அங்குலம்.

எஞ்சின் பற்றாக்குறையை முதலில் தீர்த்தது திருட்டு. மார்ட்டின்ஸ்பர்க்கில் பால்டிமோர் - ஓஹையோ கம்பெனியின் எஞ்சின்களைப் பிடித்து, குதிரைகளைப் பூட்டி, சாதாரணச் சாலையிலேயே ஸ்ட்ராஸ்பர்க் வரை இழுத்துப் போனார்கள். இழுக்கும் வேலையை நடத்தியவர் தாமஸ் ஷார்ப். போர் முடிந்ததும் பறிகொடுத்த அதே கம்பெனி அவரைத் தேடிப் பிடித்துப் பெரிய பதவி கொடுத்தது. திறமை எங்கிருந்தாலும் மதிப்புதான்.

தண்டவாளத்துக்கு எங்கே போவது? கடலை வடக்கத்திக் கப்பல்கள் மறித்துவிட்டன. ரிச்மண்டின் ட்ரெடிகர் இரும்பாலை பீரங்கிக்கும் போர்க்கப்பல் கவசத்துக்குமே திணறியது. ஆகவே 1863-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுதான் அதன் வேலை: கிளைப் பாதையைப் பெயர்த்து முக்கியப் பாதைக்குப் போடு. ஃபுளோரிடாவில் டேவிட் யூலி, 'என் கம்பெனித் தண்டவாளத்தில் கை வைக்காதே' என்று தன் சொந்தத் தரப்பு அரசின் மீதே நீதிமன்றத் தடை வாங்கினார். ராணுவம் தடையை மதிக்காமல் பெயர்த்துக்கொண்டு போனது.

மசகெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு. கூலிக்கோ நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் காகித டாலர். வேகம் மாட்டுவண்டி கேலி செய்யும் அளவுக்கு இறங்கியது. 1863 செப்டம்பரில் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படையை வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே நடந்த சிக்கமாகா சண்டைக்கு அதில் ஒரு பகுதிதான் நேரத்துக்கு வந்தது. பீரங்கிப் பிரிவு ரயிலிலேயே இருந்தது.

இந்த அழகை மேற்பார்க்க 1862 டிசம்பரில் வில்லியம் வாட்லி என்ற ரயில்வே நிபுணரை நியமித்தார்கள். பொறுப்பு முழுவதும் அவருக்கு, அதிகாரம் மட்டும் கிடையாது. கடைசியில் செனட் ஒப்புதலும் தரவில்லை, அவர் வீட்டுக்குப் போனார். தனியார் சொத்தில் அரசு தலையிடலாமா என்று அந்த மன்றத்துக்கு அவ்வளவு கூச்சம். அந்தத் தண்டவாளங்களைச் சுமந்து போட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். மனிதர்களைச் சொத்தாக்குவதில் மட்டும் அதற்குக் கூச்சம் வரவில்லை.

ரயில்களை அரசே கையகப்படுத்தலாம் என்று சட்டம் வந்தது 1865 பிப்ரவரி கடைசியில். ஏப்ரல் 2 இரவு தென் தரப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் ரிச்மண்டை விட்டு ரயிலில் தப்பினார். சுமார் 140 மைல் தூரத்திலிருந்த டான்வில் போய்ச் சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.