நாலு பேருக்கு மூணு டாலர்

சியாட்டிலைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழர்களில், பேட்டைக்கு ஒருவராவது இந்த அண்ணன் உண்டு. வார நாட்களில் கணினி. சனிக்கிழமை விடிந்தால் கேமரா. வெள்ளி இரவு வாட்ஸ்அப்பில், "நாளைக்கு ஃப்ரீயாடா? டஞ்சனஸ் லைட்ஹவுஸ். சும்மா ஒரு வாக்" என்பார். அந்தச் 'சும்மா'வில் போக எட்டு, வர எட்டு, ஆகப் பதினாறு கிலோமீட்டர் மணலும் கூழாங்கல்லும் அடக்கம்.

ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. அதன் கோடியில், 1857-இல் முதன்முதலாக ஏற்றிய கலங்கரை விளக்கம். வனவிலங்குப் புகலிடம் என்பதால் நாய்க்கும் ட்ரோனுக்கும் அனுமதியில்லை. நண்பர்களுக்கு உண்டு. நான்கு பெரியவர்களுக்குச் சேர்த்து நுழைவுக் கட்டணம் 3 டாலர். "தனியாப் போனாலும் அதே மூணு டாலர்தான். எதுக்குடா வேஸ்ட் பண்ணணும்?" டிரைபாட் ஒருவனுக்கு, லென்ஸ் பை ஒருவனுக்கு, புளியோதரை டப்பா இன்னொருவனுக்கு. கேமரா மட்டும் அண்ணன் கழுத்தில்.

மேட்டில் நின்று பார்த்தால் கலங்கரை விளக்கம் தீக்குச்சி உயரம் தெரியும். "அதோ, வந்தாச்சு!" ஒரு மணி நேரம் நடந்த பிறகும் அதே தீக்குச்சிதான். லென்ஸின் மில்லிமீட்டர் எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். டைட் அட்டவணையை மட்டும் பார்த்திருக்க மாட்டார். கடல் ஏறியிருந்தால், கரையொதுங்கிய மரங்களின் மேல் டிரைபாட்டோடு தாவித் தாவித்தான் போக வேண்டும்.

அந்தப் பகுதி ஒலிம்பிக் மலைத்தொடரின் மழை மறைவுப் பிரதேசம். சியாட்டில் தூறலுக்குத் தப்பி ஊரே வெயில் காய வருமிடம். அண்ணனுக்கோ முகம் சுண்டிவிடும். "ஒரு மேகம்கூட இல்லியேடா, ஃப்ளாட்டா இருக்கு. கோல்டன் ஹவர் வரட்டும்." சூரியன் மறைய அரை மணி முன்பே புகலிடத்தை மூடிவிடுவார்கள். வானம் பொன்னாகும் நேரத்தில் நாம் கார் பக்கத்தில் ஷூ மணலை உதறிக்கொண்டிருப்போம்.

வளைகுடாப் பக்கம் இறங்கினால் ஆங்கிள் பிரமாதம் என்பார். பறவைகளுக்காக அதையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். கோபுரத்தில் விரிசல் கண்டு 1927-இல் உயரத்தைக் குறைத்த கதையைச் சொன்னால், "முழுசா விட்டிருந்தா வெர்டிகல் ஃப்ரேம் எப்படி வந்திருக்கும்!" என்று அமெரிக்க அரசாங்கத்தின் மேல் கோபப்படுவார்.

அண்ணனையும் மிஞ்சியவர்கள் அங்கே உண்டு. பணம் கட்டி, ஒரு வாரம் தங்கி, புல் வெட்டி, பித்தளை துலக்கி, வருகிறவர்களுக்குக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர்கள். கேட்டதும் அண்ணன் கணக்குப் போட்டுவிடுவார்: ஏழு நாள், ஏழு கோல்டன் ஹவர். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மெதுவாகப் பேச்சை எடுப்பார்.

"புல்லுதானே வெட்டணும்? பின்னாடி முழங்கால் உசரத்துக்கு நிக்குது. முதல்ல அதை வெட்டுங்க."

இந்த அண்ணன் கூப்பிட்டால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இடம் அப்படி. டைட் நேரத்தை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுமை பிரிக்கும்போது முந்திக்கொண்டு புளியோதரை டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும்போது கனம் குறைவது அது ஒன்றுதான்.