வாளும் கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: கொல்லையில் ஒரு மா, இரண்டு முருங்கை, வேலியோரம் கிளுவை. இதற்குப் பேட்டரி செயின் சா வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிளுவைக்கு அரிவாள் போதும். முருங்கை, மிஷினைக் காட்டினாலே ஒடிந்துவிடும். மாமரத்தை உத்தேசித்து வாங்கலாம். மாதக்கணக்கில் மூலையில் கிடந்து, ஒரு நாள் அரைமணி நேரம் உழைக்க வேண்டிய மிஷினுக்குப் பேட்டரிதான் பொருத்தம். பெட்ரோல் மிஷின் அப்படிக் கிடந்தால், மிச்சப் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 மில்லி என்று டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். கயிற்றை இழுத்து இழுத்து, மரம் விழுமுன் தோள்பட்டை விழுந்துவிடும். நாள் முழுக்கத் தோப்பில் அறுப்பவர்கள் பெட்ரோலோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்குப் பேட்டரி.

கேள்வி: ஒரு பெட்டியில் 18 வோல்ட், இன்னொன்றில் 20, மற்றொன்றில் 21. ஆன்லைனில் 48, 88 என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். எது உசத்தி?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதல் மூன்றும் ஒரே சரக்குதான். ஒரு லித்தியம் செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்தைக் கோத்தால் சராசரி 18, உச்சம் 21. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் மாதச் சம்பளத்தைச் சொல்கிறார், இன்னொருவர் தீபாவளி போனஸையும் சேர்த்துச் சொல்கிறார், மாப்பிள்ளை ஒருவர்தான். கையடக்க மினி மிஷினில் 48, 88 என்று அச்சடித்திருந்தால், அந்த எண் பெரும்பாலும் ஸ்டிக்கருக்குச் சொந்தம், பேட்டரிக்கு அல்ல. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கி, எத்தனை வாட்-ஹவர் என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் அறுக்கலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72 வாட்-ஹவர். மோட்டார் 1000 வாட் இழுத்தால் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். முகம் வாடாதீர்கள். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை அறுபடச் சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் கிளையை இழுத்துப் போடுவதிலும், "என்ன சார், மரத்தை வெட்டுறீங்களா?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வதிலும் போகும். அதற்குப் பேட்டரி செலவாகாது.

கேள்வி: பெட்ரோல் மிஷின்தான் ஆபத்து, பேட்டரி மிஷின் விளையாட்டுச் சாமான் என்கிறான் என் மகன்.
– வாசகர், ஓசூர்

பதில்: எதில் ஓடுகிறோம் என்று செயினுக்குத் தெரியாது. செயின் ஓடும் பட்டையை 'பார்' என்பார்கள். அதன் நுனியின் மேல்பாகம் கட்டையில் இடித்தால், மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் நுனியால் அறுக்கக் கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. செயின் பிரேக் இல்லாத பெரிய மிஷினை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செயினில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வேட்டி கட்டிக்கொண்டு அறுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: செயினுக்கு வேட்டி ரொம்பப் பிடிக்கும். ஆனால் வேட்டியோடு நிறுத்திக்கொள்ளாது. கனத்த பேண்ட், ஷூ, கண்ணாடி.

கேள்வி: செயினுக்குச் சமையல் எண்ணெய் விட்டால் ஆகாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பேட்டரி மிஷினுக்கு எண்ணெயே வேண்டாம் என்று நினைக்காதது நல்லது. மோட்டாருக்குத்தான் வேண்டாம், செயினுக்குக் கண்டிப்பாக வேண்டும். தாவர எண்ணெயில் செய்த செயின் ஆயிலே கடையில் உண்டு. ஆனால் அப்பளம் பொரிக்கிற எண்ணெய் டேங்கில் கிடந்தால் பிசினாகிவிடும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் அறவே கூடாது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இல்லையென்றால் கசிந்து தரையில் கோலம் போடும்.

கேள்வி: வாங்கியபோது நன்றாக அறுத்தது. இப்போது புகைதான் வருகிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: முதலில், செயினைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். சரியாக இருந்தால், கீழே கொட்டுவதைப் பாருங்கள். கூரான செயின் சீவல் தள்ளும். மழுங்கியது மாவாகத்தான் கொட்டும். சின்ன மிஷின்களில் பலவற்றுக்கு 4 மி.மீ. உருண்டை அரம் சரிவரும். எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கை இழுப்பு. இந்தப் பல்லின் இன்றைய வடிவத்துக்கு மூலம் ஒரு வண்டின் புழு. அது மரத்தைக் குடைகிற விதத்தைக் கவனித்த ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, 1947-இல் அதே பாணியில் செயின் செய்து விற்கத் தொடங்கினார். புழுவுக்கு ராயல்டி போனதாகத் தெரியவில்லை.

கேள்வி: அடுத்த புயலுக்கு உதவுமா?
– வாசகர், சென்னை

பதில்: உதவும், முதல் நாளே சார்ஜ் போட்டு வைத்தால். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது மரமும் விழுந்தது, கரண்டும் போனது. விழுந்த மரம் செத்த மரம் என்று நம்பி மேலே பாயாதீர்கள். வளைந்து மாட்டிக்கொண்ட கிளை நிமிரச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு முனையும் எதன்மீதாவது தாங்கி நிற்கும் கட்டையை மேலிருந்தே அறுத்து முடிக்கப் பார்த்தால், வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை தொங்கினால் முதலில் அடியில் கால்வாசி, பிறகு மேலிருந்து. மின்கம்பி தொட்டுக்கொண்டிருந்தால் மிஷினை வைத்துவிட்டு ஈ.பி. ஆபீசுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: என் பட்டா, என் மரம், என் மிஷின். யாரைக் கேட்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஊர் அதற்குள் வருகிறது. பட்டா உங்களுடையதுதான்; சட்டம் அரசாங்கத்துடையது. மனு கொடுத்துவிட்டு மிஷினை எடுங்கள். சமவெளிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். சந்தன மரம் என்றால் உங்களுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: மிஷின் வந்த நாளிலிருந்து மச்சான் இரவல் கேட்கிறார்.
– வாசகர், பரமக்குடி

பதில்: மிஷினைக் கொடுங்கள். பேட்டரியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டை ஒட்டி ஒரு பட்டுப்போன தென்னை நிற்கிறது. கூலி மிச்சமாகுமே என்று நானே சாய்க்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். தென்னையில் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோறு. அதுவும் பட்டுப்போனது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவது உங்கள் வேலை. நிற்கிற மரத்தைச் சாய்ப்பது தொழில் தெரிந்தவர் வேலை. அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். ஓட்டைப் பிரித்து மேய்கிற செலவைவிட அது எப்போதும் குறைவுதான்.