மறவாத நண்பர்

பிரிட்டனில், பழைய கம்பெனியில் விட்டுவந்த பென்ஷனை அதன் சொந்தக்காரரே மறந்துவிடலாம். மோசடிக்காரர் மறப்பதில்லை. முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டு பென்ஷன் பேச 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. தடையைப் பார்த்தால் தொண்டு நடக்குமா? "உங்க பென்ஷனை இலவசமா அலசித் தர்றோம்" என்பார்.

55 வயதுக்கு முன் அந்தப் பணத்தில் கை வைக்க, கடுமையான நோய் போன்ற சில விதிவிலக்குகள் தவிர வழியில்லை. 2028 ஏப்ரல் 6 முதல் வயது 57. நண்பரிடம் மட்டும் ஒரு ரகசிய ஓட்டை உண்டு. அதில் நுழைந்தவரை மறுபுறம் வரி அதிகாரி வரவேற்பார்: எடுத்த தொகையில் 55 சதவீதம் வரை வரி. வயதுக்குப் பொருத்தமான எண்தான்! நண்பரின் கமிஷன் தனி. மிச்சம், வெளிநாட்டில் இன்னும் கட்டாத ஓட்டலில் அறை எடுத்துத் தங்கிவிடும்.

யோசிக்க நேரம் கேட்டால் கூரியர்காரர் பத்திரத்தோடு வாசலில் நிற்பார். கையெழுத்துக்காக மழையில் நிற்பவரை வைத்துக்கொண்டு பொடி எழுத்தைப் படிப்பது பண்பா?

ஐம்பது தாண்டியவர்களுக்கு, சேர்த்த தொகையைப் பொறுத்து அமையும் பென்ஷன் பற்றி, அரசு ஆதரவுள்ள 'பென்ஷன் வைஸ்' இலவசமாகவே வழிகாட்டுகிறது. ஆனால் நாம்தான் தேடிப்போய் நேரம் கேட்க வேண்டும். ஓட்டல் அறை பற்றி அவர்கள் மூச்சே விடுவதில்லை.