கைக்குட்டைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வண்டிகளுக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) வழங்கும் மாண்புமிகு ஆய்வாளர் அவர்கள். (எந்த ஊர் அலுவலகம் என்று குறிப்பிடவில்லை. படிக்கிற ஒவ்வொரு அலுவலகமும் தன்னைத்தான் சொல்கிறான் என்று எண்ணிக்கொள்ளும். தபால் செலவு மிச்சம்.)

பொருள்: 2009 மாடல் பதினோரு டன் லாரி எஃப்.சி.யில் தள்ளுபடியானதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

கடந்த திங்கட்கிழமை தங்கள் மைதானத்தில், வரிசையில் நின்ற அத்தனை லாரிக்காரர்களும் கேட்கும்படி, "இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் போங்க பெரியவரே" என்று தாங்கள் திருவாய் மலர்ந்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த பையன்கூடச் சிரித்தான். பெரியவரே என்று மரியாதையாகச் சொன்னீர்களே, அதற்கே முதல் நன்றி.

ஆனால் என் மனதைக் கொள்ளை கொண்டது தங்கள் வெள்ளைக் கைக்குட்டைதான். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அதை மூக்கில் வைத்தீர்கள். பிறகு அதே கைக்குட்டையால் முன் பம்பரை ஒரு தேய்ப்பு, பக்கவாட்டு ஸ்டிக்கரை ஒரு தேய்ப்பு. சோதனை முடிந்து மடித்துப் பையில் வைக்கும்போது அது வாங்கிய அன்று இருந்த வெண்மையோடே இருந்தது. பதினைந்து வயது தாண்டிய டீசல் லாரியைச் சோதித்துவிட்டு வெள்ளையாகத் திரும்பிய கைக்குட்டையை லாரி உலகம் இதுவரை கண்டதில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தாலே முழங்கைவரை கறுப்பாகிவிடும். அவருக்குத் தொழில் தெரியவில்லை போலும்.

அந்த வண்டிக்கு முந்தைய வாரம் என்ன வேலை நடந்தது என்பதைத் தங்கள் கைக்குட்டையின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஓடும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்தது. அண்ணன் முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று ஆட்டம். கிளீனரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு. மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின். ஆடியது. கிரீஸ் போகாமல் துருவேறி இறுகிக் கிடந்த பின்னை, கேஸ் வைத்துச் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்தும் அது லேசில் வெளியே வரவில்லை. புது புஷ் இறக்கி, ரீமர் போட்டு, பின்னைக் கையால் தள்ளினால் இறங்குகிற அளவுக்குச் சரிபார்த்து மாட்டினார்கள்.

அதோடு விட்டோமா? கறுப்புப் புகைக்கு நாஸிலைக் கழற்றி பெஞ்சில் வைத்துப் பார்த்தோம், சொட்டியது. மாற்றினோம். டீசல் பம்பைக் கடைக்கு அனுப்பி அளவு வைத்தோம். பின் பட்டையில் மெயின் லீஃப் ஒடிந்திருந்தது, மாற்றி யூ போல்ட்டை முறுக்கினோம். பிரேக் லைனிங் புதுசு. ஸ்லாக் அட்ஜஸ்டரை நாலு சக்கரத்துக்கும் சமமாக வைத்து, ஏர் ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே ஏர் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன்போல நிம்மதியாகத் தங்களிடம் கூட்டி வந்தேன்.

தாங்கள் எழுதியது: "முன் பம்பர் பெயின்ட் மங்கல். ஸ்டிக்கருக்குப் பில் இல்லை."

என்ன கூர்மை! மெயின் லீஃபைக் குனிந்து பார்த்திருந்தால் சட்டை கசங்கியிருக்கும். பிரேக்கைச் சோதிக்க வண்டியைப் பத்தடி ஓட்டியிருந்தால் மைதானத்தில் புழுதி கிளம்பியிருக்கும். கைக்குட்டையின் கதி?

எனக்கு முன்னால் நின்ற வண்டி பாஸானதையும் பார்த்தேன், மகிழ்ந்தேன். புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர், ஆறு டயரும் புதுசு. வெளியே வந்து டீக்கடை ஓரம் நிறுத்தி அந்த ஆறையும் கழற்றி, வாடகைக்குக் கொடுத்தவரின் டெம்போவில் ஏற்றிவிட்டுப் பழைய வழுக்கை டயர்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதே இடத்தில் அவர் மெக்கானிக் பம்பில் டீசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். புகை 65 யூனிட்டுக்குள் வரக் காலையில் குறைத்தாராம். குறைத்தபடியே விட்டால் லோடு ஏற்றிய வண்டி மேட்டில் ஏறாது. தங்கள் கைக்குட்டை தொட்டு ஆசீர்வதித்த வண்டி அது. தீர்க்காயுசாக ஓடட்டும்.

ஓடும், ஐயா. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஓடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, லைனிங் காய்ந்து, பிரேக் பிடிக்காமல், முன்னால் குழந்தைகளோடு போகிற காருக்குள் போய் நிற்கும். மறுநாள் பேப்பரில் "பிரேக் பழுதே காரணம்" என்று நாலு வரி வரும். அந்த பிரேக்கை யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என்று அந்த நாலு வரியில் இருக்காது. எட்டு வருசம் தாண்டிய வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. எதற்கு வைத்தார்கள்? பம்பர் கலர் பார்க்கவா? ஸ்டிக்கர் கடைக்காரன் கல்லாவை நிரப்பவா? செத்தவன் வீட்டில் போய் அந்தப் பில்லைக் காட்டுங்களேன்!

மன்னிக்க வேண்டும். டீசல் வண்டிக்காரன் அல்லவா, திடீரென்று கறுப்புப் புகை வந்துவிடுகிறது. தங்கள் கைக்குட்டை அருகில் இருக்கும் என்று நம்புகிறேன்.

கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 2021இல் மத்திய அரசு அறிவித்து 2022 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தபோது, பதினைந்து வயது கடந்த நடுத்தர லாரிக்கு எஃப்.சி. புதுப்பிக்க 10,000 ரூபாய், தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்றார்கள். பழைய வண்டி ஆபத்து, ஆகவே அதிகம் கட்டு என்பது நியாயம்தான். அவ்வளவு வாங்கிக்கொண்டு அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து பார்ப்பது மட்டும் கட்டணத்தில் அடங்காது போலிருக்கிறது. அதற்குத் தனி ரசீது உண்டென்றால் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்.

உருளையின் மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு பிரேக்கும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணிலேயே சொல்லிவிடும் தானியங்கிச் சோதனை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எனக்குத் தங்களை நினைத்தால்தான் கவலை. அந்த இயந்திரத்துக்கு மூக்கில்லை, பெயின்ட் தெரியாது, எந்தக் கடை ஸ்டிக்கர் என்று கேட்கவும் தெரியாது. கைக்குட்டை வைத்துக்கொள்ள அதற்கு ஒரு சட்டைப்பைகூடக் கிடையாதாம். நாகரிகமில்லாத இயந்திரம்.

தங்கள் உத்தரவுப்படி பம்பருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. ஸ்டிக்கரும் தாங்கள் கண்ணால் காட்டிய கடையிலேயே வாங்கி ஒட்டி, பில்லை இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த வியாழக்கிழமை மறு ஆய்வுக்கு வருகிறேன். ஜாக்கியும் அண்ணனும் என்னோடு வருவார்கள். முன் சக்கரத்தை நாங்களே தூக்கித் தருகிறோம். பிரேக்கை மிதிக்கக் கிளீனர் இருக்கிறான். தாங்கள் மேலும் கீழும் பிடித்து ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டுகிறேன். கை துடைக்கப் பழைய துணி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பேரீச்சம்பழ லாரிக்காரன்