தடுப்பு வரைக்கும் அண்ணாச்சி

கொரோனா ஊரடங்கு நீடித்த 2020 சாரல் காலத்தில் தென்காசியில் தெருவுக்கு ஓர் அண்ணாச்சியாவது இப்படி இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தலையில் நல்லெண்ணெய், தோளில் துண்டு, கையில் பால் தூக்கு. பால் வாங்கப் போகிறவரைப் போலீஸ் மறிக்காது என்பது கணக்கு. பால்கடை இருப்பது தெருமுனையில், அண்ணாச்சியின் டி.வி.எஸ். ஃபிப்டி போவது ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்துக்கு.

அங்குள்ள அருவிகளில் குளிக்க மார்ச் மாதமே தடை போட்டாயிற்று. அது தெரியாதவரா அவர்?

"குளிக்க வரலய்யா. தண்ணி எப்படி விழுதுன்னு பாத்துட்டுப் போயிருதேன்" என்பார், பேரருவித் தடுப்பருகே நிற்கும் காவலரிடம்.

"பாக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி தலையில எண்ணெய்?"

"அது சூட்டுக்கு."

வெயில் எட்டியே பார்க்காத ஆனி மாதம். காவலர் சிரிப்பை மாஸ்க்குக்குள் வைத்துக்கொள்வார். அண்ணாச்சியின் மாஸ்க் தாடையில் இருக்கும். சாரலை மூக்கால் வாங்க வேண்டாமா? (அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவே கூடாதென்ற தடை கொரோனாவுக்கு முந்தியது. அதையும் அவர் மதித்ததில்லை.)

அவர் துயரம் லேசானதில்லை. ஆயுள் முழுக்கச் சீசன் கூட்டத்தைத் திட்டியே வாழ்ந்தவர். ஜூன் பிறந்தால் வெளியூர்க்காரன் வேன் வேனாக வந்து இறங்குவான். பேரருவியில் வரிசை, ஐந்தருவியில் நெரிசல், பழைய குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளூர்க்காரன் விடியுமுன்னே போய்த் தலையை நனைத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். "ஒரு வருசமாவது ஒருத்தனும் வரப்படாது" என்று குற்றாலநாதரிடம் எப்போதோ விண்ணப்பம் போட்டிருக்கிறார். சாமி கொடுத்துவிட்டார். கோயில் நடையும் சாத்திக் கிடந்ததால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. கீழே ஒரு தலை இல்லை. தின்பண்டம் கொடுக்க ஆளில்லாத குரங்குகள் தூக்குவாளியையே பார்க்கின்றன. அண்ணாச்சி செல்போனை உயர்த்திப் பெங்களூர் மகனுக்கு வீடியோ காட்டுவார்: "இன்னா பாரு, ஆர்ச்சுக்கு மேல விழுது! ஒரு பய இல்ல!" சொல்லும்போதே தொண்டை கம்மிவிடும்.

திரும்புகிற வழியில் அடைத்த கடைகள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ரம்புட்டான் விற்கிறவர், லாட்ஜ் பையன், எல்லாரும் சீசன் வருமானத்தை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர்கள். அந்த இடத்தைக் கடக்கும்வரை வெளியூர்க்காரனைப் பற்றி அண்ணாச்சி வாய் திறக்கமாட்டார்.

டிசம்பரில் அருவியைத் திறந்தார்கள். பால்கடைக்காரர் விசாரித்தார்: "என்ன அண்ணாச்சி, ஆசை தீரக் குளிச்சாச்சா?"

"எங்க வே! ஒரே கூட்டம். தடை போட்டிருந்தப்போ எவ்வளவு வசதியா இருந்துச்சு!"