மையவளைய நிர்ணயம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து

மாதிரி ரொக்கெட்டின் உடற்குழாய் பெரிது, அதற்குள் செருகப்படும் மோட்டார் சிறிது. இரண்டுக்கும் இடையில் எஞ்சும் வெளியை அடைத்து, சிறியதைப் பெரியதன் நட்டநடுவே நிறுத்திவைக்கும் தட்டை வளையமே இங்கு மையவளையம் எனப்படுகிறது. வைக்கோலைப் புரியாக முறுக்கி வளைத்த புரிமணை, அடி உருண்ட பானையைச் சாயவிடாமல் தாங்குவதுபோல இது மோட்டாரைத் தாங்குகிறது என்று சொன்னால் இலக்கணம் முடிந்துவிடும். ஆயினும் புரிமணை பறப்பதில்லையாதலால் அதன் எடையைப் பற்றி எந்த உரையாசிரியரும் கவலைப்பட்டதில்லை. மையவளையத்திலோ கவலை முழுவதும் எடையைப் பற்றியதே.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட உருப்படி, 1950களில் அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவிய இப்பொழுதுபோக்கின் வழக்கமான அளவுகளைப் பின்பற்றியது. கருமருந்து அடைத்த மோட்டாரின் விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 70. அதை ஏந்தும் கடதாசிக் குழாயின் வெளிவிட்டம் 18.7, உடற்குழாயின் உள்விட்டம் 40.5. கணக்கிட்டால் வளையத்தின் ஒரு முகம் ஏறக்குறைய 10 சதுர சென்ரிமீற்றர் வரும். முன்னொன்று பின்னொன்றாக ஒரு ரொக்கெட்டுக்கு இரண்டு வளையங்கள் வேண்டும். இவை 60 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்க, ஒன்று இப்பக்கமும் மற்றது அப்பக்கமுமாக ஒவ்வொரு மில்லிமீற்றர் பிசகினால் மோட்டார் ஏறத்தாழ 2 பாகை சாய்ந்துவிடும். சாய்ந்த மோட்டார் ரொக்கெட்டை வானத்துக்கு அனுப்பாமல் அயல் வளவுக்கு அனுப்பும்.

இத்தகைய பொருளை ஆராயத் திருகோணமலைக்கு என்ன உரிமை என்ற வினா எழலாம். எழாவிடினும் ஆய்வுநூல் மரபுப்படி அதற்கு விடை கூறியாக வேண்டும். 1799 ஏப்ரலில் சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில், மைசூர் மன்னர் திப்புவின் வீரர் இரவில் விட்ட ரொக்கெட்டுகளுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே சிக்கிப் பின்வாங்கிய பிரித்தானியப் படையதிகாரி ஆதர் வெல்லெஸ்லி, அடுத்த ஆண்டின் இறுதியில் படையொன்றை நடத்திச் செல்லும் பொருட்டுத் திருகோணமலைக்கு வந்தார். பின்னாளில் பிரட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற கோட்டைக்குள் அவர் தங்கியதாகக் காட்டப்படும் வீடு ஒன்று உண்டு. மைசூர் ரொக்கெட்டோ இரும்புக் குழாயின் ஒரு பக்கத்தில் மூங்கிற் கழியைக் கட்டிச் செய்யப்பட்டது. அதைப் பார்த்துத் தாமும் ரொக்கெட் செய்த வில்லியம் கொங்கிறீவ், கழியை முதலில் பக்கத்திலேயே வைத்து, 1815 அளவில்தான் அதை அடித்தட்டின் நடுவுக்கு நகர்த்திச் சுற்றிலும் ஐந்து துளைகளின் வழியே புகை வெளியேறச் செய்தார். வெல்லிங்டன் கோமகனான பின்னும் வெல்லெஸ்லிக்கு ரொக்கெட்டில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவர் முதலில் சந்தித்தவை மையம் பிசகிய ரொக்கெட்டுகள் என்பதே அதற்குக் காரணம் என இவ்வாய்வு துணிகிறது. இத்துணிபுக்கு ஆவணச் சான்று ஒன்றும் இல்லாமையால் இதை மறுப்பதும் எளிதன்று. திருகோணமலையின் உரிமைக்கு இன்னொன்றும் உண்டு. 1956இல் இங்குள்ள சுவாமிமலையின் அடிவாரக் கடலில், கோணேசர் கோயிலின் இடிபாடுகள் கிடக்குமிடத்தில் முக்குளித்த ஆதர் சி. கிளார்க், 1945இலேயே செய்மதித் தொடர்பாடலுக்கு ஏற்ற சுற்றுப்பாதையை விளக்கி எழுதியவர். வானத்துக்கு வழிசொன்னவர் இங்கு வந்து கடலுக்குள் இறங்கியதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாதெனினும், அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு மெலிந்து தோன்றும்.

இனிப் பரபக்கம், அதாவது மறுக்கப்பட வேண்டியோர் கொள்கை. மையவளையத்தை 3 மில்லிமீற்றர்ப் பிளைவூட்டில் அறுப்பதே முறை என்பர் ஒரு சாரார். மோட்டாரின் உந்துவிசை முழுவதும் வளையத்தின் வழியாகவே உடலுக்குச் செல்வதால் அது உறுதியாக இருக்கவேண்டும் என்பது அவர் தரும் ஏது. ஏது சரி, முடிபு பிழை. இவ்வளவுள்ள மோட்டார் உச்சத்தில் தரும் உந்துவிசை சுமார் 14 நியூற்றன், அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம். வளையம் ஒன்றரை மில்லிமீற்றரே தடித்ததெனக் கொண்டாலும், இரு வளையங்களும் உட்குழாயோடு ஒட்டும் பரப்பு 170 சதுர மில்லிமீற்றருக்கு மேல் வரும். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு விழும் சுமை 0.1 நியூற்றனுக்கும் குறைவு. பாடசாலைப் பிள்ளைகள் கொப்பிக்கு உறை ஒட்டும் வெள்ளைப் பசையே இதைப் பன்மடங்கு தாங்கும். ஆகவே பிளைவூட் வளையம் தாங்குவது செய்தவரின் மனக்கலக்கத்தையே அன்றி மோட்டாரின் உந்துவிசையை அன்று.

அதிக உறுதியால் வரும் கேடு சிறிதன்று. ரொக்கெட் நேராகப் பறப்பதற்கு அதன் புவியீர்ப்பு மையம், காற்றின் அழுத்தம் திரண்டு தாக்கும் புள்ளிக்கு முன்னால், குறைந்தது ஓர் உடல்விட்ட அளவாவது தள்ளி இருக்கவேண்டும். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும் அம்மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை முன்னுக்குக் கொண்டுவர மூக்கில் களிமண் அப்ப வேண்டும். பிளைவூட் வளையங்கள் இரண்டும் சேர்ந்து 4 கிராம் நிறுக்கும். பின்னர் கூறப்படும் இலகு வளையங்களோடு ஒப்பிட்டால் வாலில் ஏறக்குறைய மூன்றேகால் கிராம் அதிகம். வளையங்கள் மையத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் பின்னாலும் மூக்கு 30 சென்ரிமீற்றர் முன்னாலும் இருப்பின், மூக்கில் இன்னும் இரண்டு கிராமுக்கு மேல் சேர்க்கவேண்டிவரும். ஒரு பிழையைச் சுமக்க இன்னொரு சுமை.

சுபக்கம், அதாவது இவ்வாய்வின் கொள்கை, ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப்பொருள். மீனை ஐஸ் போட்டு அனுப்பும் வெள்ளைப் பெட்டிகள் துறைமுக நகரத்தில் உடைந்தும் உடையாமலும் கிடைப்பவை. பெரும்பகுதி காற்றாலான அப்பொருளின் ஒரு கன சென்ரிமீற்றர் 0.02 கிராமளவே நிறுக்கும். அதை 5 மில்லிமீற்றர்த் தகடாகச் சீவி, இரு முகத்திலும் சாதாரண எழுதுதாளை ஒட்டி வெட்டினால் வளையமொன்று பசையோடும் 0.35 கிராமுக்குள் அடங்கும். இழுவிசையையும் அமுக்கத்தையும் தாள் வாங்கிக்கொள்ள, ரெஜிபோம் இரு தாள்களையும் விலக்கிப் பிடிப்பதொன்றையே செய்கிறது. விமானத்தின் தளத்தகடுகள் செய்யப்படுவதும் இந்த முறையில்தான். பெட்டியை நன்கு கழுவி உலர்த்தவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும், கழுவாவிட்டால் காகங்கள் விளக்கும். கரைப்பான் கலந்த ஒட்டுப்பசையும் சுப்பர் குளூவும் ரெஜிபோமை அரித்துக் குழியாக்கிவிடுமாதலால் வெள்ளைப் பசையே ஏற்றது. வெப்பத்தைப் பொறுத்தவரை, அயலிலுள்ள கன்னியா வெந்நீரூற்றின் சூடு இதை ஒன்றும் செய்யாது; ஆனால் ரெஜிபோம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகுவதால், பரசூட்டைத் தள்ளுவதற்காக மோட்டார் இறுதியில் முன்னோக்கிக் கக்கும் வாயுவை எதிர்கொள்ளும் முன்வளையத்தின் முகத்தில் மெல்லிய மட்டையொன்றை ஒட்டுவது நியாயம். முழுவளையத்தையும் மட்டையிலேயே செய்யலாம் என்பாரும் உளர். வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தில் மட்டை ஊதிப்போகும். வெயிலில் காயவைத்தாலோ, கோட்டையிலும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்களுக்கு மட்டையில் உள்ள விருப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

வெட்டும் முறையில் ஒரு தருக்கச் சிக்கல் உண்டு. கவராயத்தின் ஊசி நிற்பதற்கு மையம் வேண்டும். உள்வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டால் மையமும் அதனோடு போய்விடும். பிறகு வெளிவட்டத்தை எதை நம்பி வரைவது? வெளிவட்டத்தை முதலில் வெட்டினால், உள்ளே வெட்டும்போது பிடிப்பதற்கு விளிம்பில்லை. இரு வட்டத்தையும் முதலிலேயே வரைந்துகொண்டு, தகடு முழுதாக இருக்கையில் புது பிளேட்டால் உள்வட்டத்தைப் பலமுறை மெல்லக் கீறி எடுத்து, அதன்பின் வெளிவட்டத்தைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே வெட்டி, அரத்தாளில் உரசிக் குழாய்க்குப் பொருத்துவதே இவ்வாய்வு ஏற்கும் முறை. அழுத்தி ஒரே கீறலில் வெட்டுபவர் கையில் எஞ்சுவது வெள்ளை மணிகளே.

வளையம் இவ்வாறு சித்தியாயினும் மோட்டார் இல்லை. கருமருந்து மோட்டார் வெடிபொருளாகையால் தபாலிலும் வராது, விமானப் பயணியின் பையிலும் வராது. கடற்படைத்தளமும் சீனன்குடா விமானப்படைத் தளமும் அயலில் இருக்க அனுமதியின்றி அதைக் கொளுத்துவது புத்தியுமாகாது. தருக்க நூலார் மொழியில், ஆதாரம் உண்டு, அது தாங்கவேண்டிய ஆதேயம் இல்லை. மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலை மாணவருக்கு நடத்தும் போட்டிகளில் பறக்கும் நீர் ரொக்கெட் இதற்கு மாற்றாகாதா எனின், ஆகாது. அங்கே சோடாப் போத்தலே உடலும் மோட்டாரும் ஆதலால் அது அத்துவைதம். இரண்டும் வேறென்று கொள்ளும் துவைத ரொக்கெட்டிலேயே மையவளையத்துக்கு இடமுண்டு.

நிறுத்துப் பார்ப்பது மட்டும் எஞ்சியுள்ளது. கிராமின் நூறிலொரு பங்கைக் காட்டும் தராசு நகரத்தில் எளிதாகக் காணப்படும் இடம் நகைக்கடை. 8 கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு ஈடாக இருபத்திரண்டு வளையங்களுக்கு மேல் வைக்கவேண்டியிருக்கும். நகைத்தொழிலில் சேதாரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. மையவளையத்திலோ பசை காய்ந்தபின் பின்வளையத்தின் பட்டையில் இன்னும் நான்கு துளைகள் இட்டுச் சேதாரத்தைக் கூட்டுபவரே கைதேர்ந்தவர். துளைகளுக்கு இடையில் குறைந்தது 5 மில்லிமீற்றர் தசை விடப்படவேண்டும்.